சுண்ணாம்பு கலயமும் சாட்சி மைக்கும்

ஞாயித்துக்கிழமை ஆராதனையில, கடவுள் தனக்குச் செஞ்சத அவங்கவங்க எந்திரிச்சு சொல்ற சாட்சி நேரத்துல, நம்ம சபைப் பாட்டி ஒருத்தங்க பனையப் பத்தி சொல்ல ஆரம்பிச்சாங்க. "பாட்டி, பனங்காட்டு கதையெல்லாம் வீட்ல போய் சொல்லுங்க, இங்க வசனம் சொல்லுங்க"ன்னு கையிலருந்து மைக்க வாங்குனாங்கல்லா, அது ரெண்டு நாளா என்னைத் தூங்கவிடல. அதுக்கு நாலு பேரு சிரிச்சது அதவிட வலிக்கு.

பாட்டி என்ன சொல்ல வந்தாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா? ஆராதனை முடிஞ்சு வேப்பமரத்தடியில எங்கிட்ட மீதிய சொன்னாங்க. கலயத்துல சுண்ணாம்பு தடவி பனையோட பாளையில, அதான் சாறு வடியுற பூக்குலையில, கட்டுனா இனிப்பான பதனி, தடவாம கட்டுனா அதே மரம் அதே பாளை அதே சாறுதான், ஆனா விடியறதுக்குள்ள புளிச்சு கள்ளாயிரும். நேத்து தடவுனது இன்னைக்கு ஆகாது, தினமும் புதுசா தடவணும். "என் மனசும் அப்படித்தாம்மா, காலையில ஜெபிக்காத அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள புளிச்சிருது, மருமககிட்ட எரிஞ்சு விழுந்துருதேன்"னாங்க. இத விட என்ன பிரசங்கம் வேணும் உங்களுக்கு?

இயேசுவே என்ன சொன்னாரு? ஒரு பொம்பள மூணுபடி மாவுல புளிச்சமாவ அடக்கி வச்சா, இன்னொருத்தி தொலைஞ்ச வெள்ளிக்காச தேடி விளக்க கொளுத்தி வீட்டப் பெருக்குனா. அதெல்லாம் அடுப்படியும் விளக்குமாறும்தான? அவர் கையிலருந்தும் மைக்க வாங்கியிருப்பீங்களா? நம்ம பக்கத்தையே பாருங்க, மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1841ல வந்து தங்குன இடையன்குடி தேரிங்கிற செம்மணலும் பனையுமா கிடந்த ஊரு, விடியக்காலம் மரமேறி இறங்குன ஆளுங்கதான் அங்க வேதம் கேட்டாங்க. அவங்க பேரப்பிள்ளைகளுக்கு இப்ப பனைன்னா கேவலமா இருக்கு.

உடனே சிலபேர் வருவீங்க, "எதுக்கெடுத்தாலும் ஆவிக்குரிய அர்த்தம் சொன்னா வசனம் நீர்த்துப் போயிரும்"னு. சரி, ஒத்துக்கிடுதேன், போன் சார்ஜர வச்சு வாட்ஸப்ல தினமும் வர்ற செய்தியெல்லாம் எனக்கும் சலிப்புதான். ஆனா அது யாரோ எழுதுனத அனுப்புறது, பாட்டி சொன்னது அறுபது வருஷம் கருப்பட்டி காய்ச்சுன கை சொல்லுது, ரெண்டும் ஒண்ணா? நேரமில்லன்னு சொல்லாதீங்க, அறிவிப்பு இருபது நிமிஷம் வாசிச்சீங்க.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னு கேட்டா, எங்கம்மாவ நெனச்சுதான். நான் ஏழாப்பு படிக்கும்போது அம்மா ஒருநாள் சாட்சி சொல்ல எந்திரிச்சாங்க. கைப்பிடி அரிசி பத்தி. உலை வைக்கயில அரிசிய அளந்து பானையில போடுறதுக்கு முந்தி ஒரு பிடி எடுத்து சபை டப்பாவுல போட்டுருவாங்க, "போட்டதுக்கப்புறம் எடுத்தா அது மிச்சம்தான"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, பின்னாடி ஆம்பளைங்க பெஞ்சுல "சோறு வெந்துருச்சா"ன்னு ஒரு குரல், கொல்லுன்னு சிரிப்பு. அம்மா சேலை முந்திய இழுத்து மூடிக்கிட்டு உக்காந்துட்டாங்க. அப்புறம் சாகுற வரைக்கும் சபையில வாய் திறக்கல, பாட்டுக்கு மட்டுந்தான். அந்த டப்பா இன்னைக்கும் எங்க வீட்டு அடுப்படியில இருக்கு, மூடியில அம்மா ஆணியால கீறுன சிலுவையோட.

சாரி கேளுங்கன்னு நான் யாரையும் சொல்லல. வர்ற ஞாயித்துக்கிழமை பாட்டி கையில மைக்க குடுங்க. விட்ட இடத்துலருந்து சொல்லி முடிக்கட்டும்.