ஒரே சம்பவம், மூணு பேலன்ஸ் ஷீட்

(சித்தப்பா கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர், பேனாவை மட்டும் இன்னும் ஓய்வுக்கு விடவில்லை. வானதி அவருடைய அண்ணன் மகள். படத்தொகுப்பு படிக்கிறாள்.)

வானதி: ‘ரன் லோலா ரன்’ பார்த்தீங்களா சித்தப்பா?

சித்தப்பா: பார்த்தேம்மா. பாவம், அந்தப் பொண்ணு செத்துப்போயிட்டா. ஆனா ஒண்ணு, அரைமணி நேரத்துல படத்தை முடிச்சான் பாரு, அவனைப் பாராட்டணும்.

வானதி: அரைமணியா? அது எண்பது நிமிஷப் படம்!

சித்தப்பா: கீழே கோட்டுல இன்னும் மிச்சம் இருக்குன்னு காட்டுச்சு. வேலை பார்த்தவங்க பேரெல்லாம் போடுவாங்கன்னு அணைச்சுட்டேன்.

வானதி: அம்பது நிமிஷமா பேர் போடுவாங்க?

சித்தப்பா: ஜெர்மன்காரங்க. யாரையும் விடாம போடுவாங்களோன்னு நெனச்சேன்.

வானதி: அவ சாகற இடத்துல இருந்துதான் படம் திரும்ப ஆரம்பிக்குது. காதலன் ஒரு லட்சம் ஜெர்மன் மார்க்கைத் தொலைச்சுட்டான், இருபது நிமிஷத்துல புரட்டணும். மூணு தடவை ஓடறா. முதல் ஓட்டத்துல அவ சாகறா, ரெண்டாவதுல அவன் சாகறான், மூணாவதுல ரெண்டு பேரும் பிழைச்சுக்கறாங்க.

சித்தப்பா: ஒரே வருஷத்துக்கு மூணு பேலன்ஸ் ஷீட். ஆளை உள்ளே தள்ள இது போதும். சரி, அதுல எது நிஜம்?

வானதி: இந்த மாதிரி படத்துல எல்லாரும் வழுக்கி விழற இடமே அந்தக் கேள்விதான். முதல்ல படம் எந்த வகைன்னு பார்க்கணும். நடந்தது ஒண்ணு, சொல்றவங்க பல பேர்னா அது சாட்சிப் படம். அங்க ‘எது நிஜம்’னு தாராளமா கேளுங்க. ஒரு இடத்துல பாதை பிரிஞ்சு ரெண்டு மூணு வாழ்க்கையா ஓடினா அது கிளைப் படம். அங்க கேட்க வேண்டியது ‘எதனால பிரிஞ்சது, பிரிஞ்சும் எது மாறலை’.

சித்தப்பா: ஒரே நாள் திரும்பத் திரும்ப வருமே? ‘மாநாடு’ மாதிரி?

வானதி: அது சுழல் படம். அதுல ஹீரோவுக்குப் போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கு. அதனால அவனுக்கு அது ஒரே வாழ்க்கை, நீளமா போகுது, அவ்வளவுதான்.

சித்தப்பா: புரியுது. ஒரே பேரேடு, ஒரே பக்கம். டேலி ஆகற வரைக்கும் அழிச்சு அழிச்சு எழுதறான். (நோட்டைத் திறக்கிறார்.) சாட்சிப் படத்துல ஆரம்பி. அது நம்ம தொழில்.

வானதி: 1950ல அகிரா குரோசவா எடுத்த ‘ராஷோமோன்’. காட்டுல ஒரு சாமுராய், ஜப்பான் போர்வீரன், செத்துக் கிடக்கான். கொள்ளைக்காரன், சாமுராயோட மனைவி, அந்த சாமுராய், ஒரு விறகுவெட்டி, நாலு பேரும் நாலு விதமா சொல்றாங்க.

சித்தப்பா: நில்லு. செத்தவன் எப்படிச் சாட்சி சொன்னான்?

வானதி: ஆவியை வரவழைச்சு, ஒரு பொம்பளை வாய் வழியா.

சித்தப்பா: கையெழுத்து செல்லாது. மேலே சொல்லு. ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான், அதானே?

வானதி: அதான் இல்லை! கொள்ளைக்காரன் ‘வீரமா சண்டை போட்டு நான்தான் கொன்னேன்’ங்கறான். மனைவி ‘கையில குத்துவாளோட மயங்கி விழுந்தேன், கண் முழிச்சா அது அவர் நெஞ்சுல இருந்தது’ங்கறா. செத்தவன் ‘நானே குத்திக்கிட்டேன்’ங்கறான்.

சித்தப்பா: கல்லாவுல பத்து ரூபா குறைஞ்சா பத்து பேர் பக்கத்து ஆளைக் கைகாட்டுவான். இங்க கொலைக்கு மூணு பேர் வரிசையில நிக்கறாங்களா?

வானதி: அதுலதான் சூட்சுமம். தப்பிக்கறதுக்காக யாரும் பொய் சொல்லலை. தன் மானம் எந்தக் கதையில மிஞ்சுமோ அந்தக் கதையைச் சொல்றாங்க. ஒவ்வொரு சாட்சிக்கும் ‘இதைச் சொன்னா இந்த ஆளுக்கு என்ன மிச்சம்’னு பக்கத்துல எழுதிப் பாருங்க, படம் தானா திறக்கும்.

சித்தப்பா: அப்போ விறகுவெட்டி சொல்றதுதான் உண்மை. மூணாம் ஆள், பந்தபாசம் இல்லை.

வானதி: குத்துவாளைத் திருடினவன் அவன்தான்.

சித்தப்பா: அடப்பாவி! (நோட்டில் எழுதியதை அடிக்கிறார்.) தீர்ப்பு என்ன ஆச்சு? நீதிபதி என்ன சொன்னார்?

வானதி: நீதிபதியைப் படத்துல காட்டவே மாட்டாங்க, அவர் குரலும் வராது. சாட்சிகள் கேமராவைப் பார்த்துப் பேசுவாங்க. அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கறது நீங்க.

சித்தப்பா: சம்பளம் இல்லாத உத்தியோகம்!

வானதி: எல்லாப் படமும் அப்படிக் கைவிடாது. ‘விருமாண்டி’யில கொத்தாளத் தேவர் ஒரு கதை, விருமாண்டி ஒரு கதை, ஜெயில்ல பேட்டி எடுக்கற பொண்ணுகிட்ட சொல்றாங்க. அதுக்கப்புறம் ஜெயில் கலவரம் வருதே, அதை யாரும் யாருக்கும் சொல்லலை, நேரா நம்ம கண் முன்னாடி நடக்குது. அங்க ரெண்டு பேரும் எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்த்தா எவன் கதை நிக்கும்னு தெரிஞ்சிடும்.

சித்தப்பா: ஆக, யாரும் சொல்லாத பகுதிதான் வவுச்சர், கையில இருக்கற அத்தாட்சி. மத்ததெல்லாம் வாய்மொழி. ஆனா ரெண்டாவதா சொல்றவன்தான் உண்மை பேசறான்னு வெச்சுக்கலாமே? இவ்வளவு எதுக்கு?

வானதி: கடைசியா வர்றதுதான் நிஜம்னு தோண வைக்கறது எடிட்டிங்கோட வேலை, சித்தப்பா. லோலாவிலேயும் மூணாவது ஓட்டம் சுபமா முடியுது, கடைசியிலேயும் வருது. அதனாலேயே ‘முதல் ரெண்டும் கனவு’ன்னு சொல்லிடறாங்க. படத்துல அதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது.

சித்தப்பா: ஆதாரம் இல்லாத பதிவு ரத்து. இப்போ கிளைப் படம். எதைக் குறிச்சுக்கணும்?

வானதி: பிரியறதுக்கு முன்னாடி, கிளைகளுக்குப் பொதுவா வர்ற கடைசிக் காட்சி எதுன்னு நிமிஷத்தோட எழுதுங்க. அங்கதான் தப்பு நடக்கும். ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ கேள்விப்பட்டிருப்பீங்க, லோலா மாதிரி அதுவும் 1998ல வந்த படம். ரயிலைப் பிடிச்சா ஒரு வாழ்க்கை, தவறவிட்டா இன்னொண்ணு. ‘அவ எடுத்த முடிவு வாழ்க்கையை மாத்திடுச்சு’ன்னு விமர்சனம் பண்ணுவாங்க. அவ எங்க முடிவெடுத்தா? படிக்கட்டுல ஒரு சின்னப் பொண்ணு பொம்மையோட வழியில நிக்குது. ஒரு தடவை குறுக்கே வருது, ரயில் போயிடுது. படம் பின்னால சுத்தி மறுபடி ஓடுது. இப்போ அம்மா குழந்தையை ஓரமா இழுத்துக்கறா, ரயில் கிடைக்குது.

சித்தப்பா: மொத்தப் படத்துக்கும் காரணம் அந்தப் பொம்மை!

வானதி: நிஜமாவே அப்படித்தான். லோலாவிலேயும் படிக்கட்டுதான். நாயோட ஒரு பையன். ஒரு தடவை தாண்டி ஓடறா, ஒரு தடவை கால் தடுக்கி உருண்டு விழறா. சில நொடிதான் வித்தியாசம். அந்தச் சில நொடி தெருவுல ஆம்புலன்ஸை எப்படி மாத்துதுன்னு பாருங்க. முதல் ஓட்டத்துல, ஆளுங்க தூக்கிட்டுப் போற பெரிய கண்ணாடிக்கு முன்னாடி சரியா பிரேக் போட்டு நிக்குது. ரெண்டாவதுல, லோலா ஓடிக்கிட்டே ‘ஏத்திக்கோங்க’ன்னு கேட்கறா, டிரைவர் திரும்பிப் பார்க்கறான், கண்ணாடி சுக்குநூறு. மூணாவதுல அவ உள்ளேயே ஏறிடறா.

சித்தப்பா: கண்ணாடிக்கு யார் காசு கொடுத்தா?

வானதி: சித்தப்பா!

சித்தப்பா: சரி, விட்டேன். ரெண்டு கிளையும் மாறி மாறி வந்தா எது எதுன்னு குழம்புமே?

வானதி: உடம்புல அடையாளம் வெச்சிருப்பாங்க. ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ல ரயிலை விட்டவ நெத்தியில பிளாஸ்திரி. ரயிலைப் பிடிச்சவ கொஞ்ச நேரத்துல முடியைக் குட்டையா வெட்டிச் சாயம் போட்டுக்கறா. அந்த முடிவெட்டு வர்ற வரைக்கும் பிளாஸ்திரிதான் நமக்குக் கைவிளக்கு. எடிட்டர் பிழைப்பு ஒரு துண்டுப் பிளாஸ்திரியில ஓடுது.

சித்தப்பா: (எழுதியபடி) பிளாஸ்திரி, ஒன்று. அப்புறம்?

வானதி: கசிவு. ஒரு கிளையில நடந்தது இன்னொரு கிளைக்குள்ள ஒழுகுதான்னு பாருங்க. லோலாவுக்கு முதல் ஓட்டத்துல துப்பாக்கியோட பாதுகாப்புப் பூட்டை எடுக்கத் தெரியாது, காதலன் சொல்லிக்கொடுக்கறான். ரெண்டாவது ஓட்டத்துல அவளே எடுக்கறா.

சித்தப்பா: அப்போ அவளுக்கு ஞாபகம் இருக்கே! ‘மாநாடு’ கேஸ்!

வானதி: முழுசா இருந்தா ரெண்டாவது தடவை படிக்கட்டுல விழுவாளா? கைக்கு ஞாபகம் இருக்கு, ஆளுக்கு இல்லை. கிளைப் படமா சுழல் படமான்னு இயக்குநர் வேணும்னே வேலி மேல உட்கார்ந்திருக்கார். நாமளும் கீழே இழுக்கக் கூடாது. என்னைக் கேட்டா படத்துலேயே அருமையான இடம் அதுதான்.

சித்தப்பா: எனக்கு அருமையான இடம் வேற. பணம். மூணாவதுல அவளுக்கு ஒரு லட்சம் எப்படி வந்தது?

வானதி: சூதாட்ட விடுதியில ரவுலட், சுத்தற சக்கரத்துல பந்து எந்த எண்ணுல விழும்னு பணம் கட்டற ஆட்டம். நூறு மார்க் சில்லு, 20ஆம் எண், ரெண்டு தடவை.

சித்தப்பா: (பேனா பறக்கிறது) ஒத்தை எண்ணுக்கு 35 மடங்கு. 3,500, வெச்ச நூறையும் சேர்த்து 3,600. அதை அப்படியே வெச்சா 1,26,000, அசலோட 1,29,600. ஐரோப்பிய மேஜையில 37 எண். ரெண்டு தடவையும் விழ 1,369ல ஒரு வாய்ப்பு. இதை நான் பாஸ் பண்ணணுமா?

வானதி: படமே அதைப் பாஸ் பண்ணச் சொல்லலை. அவ அலறுற அலறல்ல கண்ணாடியெல்லாம் உடையுது. ‘இது கணக்குல வராது’ன்னு அவங்களே முத்திரை குத்திட்டாங்க. இன்னொண்ணு, காதலனுக்குத் தொலைச்ச பணமும் திரும்பக் கிடைச்சுடுது. அதைக் கொடுக்க வேண்டியவன்கிட்ட கொடுத்துட்டான்.

சித்தப்பா: அப்போ இந்தப் பை உபரி! எந்தத் தலைப்புல வரவு வெச்சாங்க?

வானதி: ‘பையில என்ன?’ன்னு அவன் கேட்கறதோட படம் முடியுது.

சித்தப்பா: அவனாவது கேட்டானே. (தாளைப் புரட்டி) அடுத்த படம் போடு. இந்தத் தடவை அணைக்க மாட்டேன்.

வானதி: போலந்துப் படம், ‘பிளைண்ட் சான்ஸ்’. கீஸ்லோவ்ஸ்கி 1981ல எடுத்தார். அந்த ஊர் அரசாங்கம் முடக்கி வெச்சு, 1987லதான் வெளியில வந்தது. இந்த ரெண்டு படத்துக்கும் முன்னாடியே ரயிலைத் துரத்தி மூணு வாழ்க்கை காட்டினவர். பிடிச்சா கட்சிக்காரன், ஸ்டேஷன் காவலர் மேல மோதினா அரசாங்கத்தை எதிர்க்கறவன், சும்மா தவறவிட்டா ரெண்டு பக்கமும் சேராத டாக்டர்.

(படம் ஓடுகிறது. எடுத்த எடுப்பில் ஒருவன் வாய் திறந்து அலறுகிறான்.)

சித்தப்பா: யாரு இவன்? எதுக்குக் கத்தறான்?

வானதி: எழுதிக்கோங்க. கடைசி ஷாட்டுலதான் அதுக்குப் பதில். அது வந்ததும் மூணு கதையையும் முதல்ல இருந்து திருத்தணும்.

சித்தப்பா: (எழுதுகிறார்) முதல் நிமிஷம். அலறல், ஒன்று. வவுச்சர் இல்லை.

வானதி: எந்தப் பத்தியில எழுதறீங்க? அது எந்தக் கிளைன்னே இன்னும் தெரியாதே?

சித்தப்பா: தலைப்பு தெரியாத தொகையை நாங்க எங்க போடுவோம்னு நெனச்சே? சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.