தட்டில் செத்த செல்லும் தலைப்புச் செய்தியும்

"இந்த இலைச் சாறு புற்றுநோய் செல்களைக் கொல்கிறது, ஆய்வில் நிரூபணம்!" மாதம் தவறாமல் இப்படி ஒன்று வந்துவிடுகிறது. இதில் கடுப்பேற்றும் விஷயம் என்னவென்றால், செய்தி பெரும்பாலும் பொய் இல்லை. செல்கள் நிஜமாகவே செத்திருக்கும். ஆனால் ஆய்வகத் தட்டில் வளரும் செல்லைச் சாகடிப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. சோப்புத் தண்ணீர் விட்டாலும் சாகும், உப்பைக் கூட்டினாலும் சாகும்.

அந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள், குழிக்குச் சில ஆயிரம் செல்கள். அவை அடியில் ஒட்டியதும் சாற்றை வெவ்வேறு அளவுகளில் விட்டு, ஒன்றிரண்டு நாள் இன்குபேட்டரில் வைப்பார்கள். அப்புறம் எம்டிடி என்ற மஞ்சள் கரைசல். உயிருள்ள செல் அதை ஊதாப் படிகமாக மாற்றும். மைக்ரோஸ்கோப்பில் ஊசி ஊசியாகத் தெரியும். அதைக் கரைத்து நிறத்தின் அடர்த்தியை அளந்தால், எவ்வளவு செல் பிழைத்தது என்று ஒரு கணக்கு வரும். 1983இல் மோஸ்மன் வெளியிட்ட முறை. செலவு குறைவு, சீக்கிரம் முடியும். அதனால்தான் கட்டுரைகள் இப்படிக் குவிகின்றன.

தாவரச் சாறு இந்தச் சோதனையை நன்றாகவே ஏமாற்றும். அதிலுள்ள பாலிபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் செல்லே இல்லாத குழியைக்கூட ஊதாவாக்கும். சோப்பு போல நுரைக்கும் சாபோனின் அதிகமுள்ள சாறு எந்தச் செல்லின் சவ்வையும் கிழித்துவிடும். அதற்குப் புற்றுநோய் செல், நல்ல செல் என்ற பேதம் கிடையாது. சாற்றைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ சற்றுக் கூடினால் அதுவே கொல்லும். சாறு இல்லாமல் கரைப்பான் மட்டும் விட்ட குழி எங்கே, சாதாரண செல்லில் அதே சாறு என்ன செய்தது, இந்த இரண்டும் இல்லாத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதே இல்லை.

அடுத்தது அளவு. பாதி செல்களை வீழ்த்தத் தேவைப்படும் செறிவை ஐசி50 என்பார்கள். கச்சாச் சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் இருந்தால்தான் மேலே பார்க்கலாம் என்பது துறையில் உள்ள வழக்கம். ஆனால் 500 மைக்ரோகிராம் வாங்கிவிட்டு "சிறந்த புற்றுநோய் எதிர்ப்புத் திறன்" என்று முடிக்கிற கட்டுரைகள் ஏராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 லிட்டர் ரத்தத்தில் அந்தச் செறிவு வர வேண்டுமானால் இரண்டரை கிராம் சாற்றுப் பொருள் அப்படியே ரத்தத்தில் மிதக்க வேண்டும். குடலும் கல்லீரலும் அதை விட்டுவைக்குமா? நித்திய கல்யாணிச் செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஒரு பெரியவருக்கு ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. அதுவும் நரம்பைப் பாதிக்கும் என்ற பயத்தில்.

சரி, அப்படியானால் செடிகளில் ஒன்றுமே இல்லையா? தாராளமாக இருக்கிறது. பசிபிக் யூ மரப்பட்டையை 1962இல் சேகரித்தார்கள். அதிலிருந்து பிரித்த டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்தின் மூலக்கூறு அமைப்பை வால், வானி என்ற வேதியியலாளர்களின் குழு வெளியிட்டது 1971இல். அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்று சூசன் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி காட்டியது 1979இல். சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992இல். முப்பது வருடம்! ஒரு சீன மரத்திலிருந்து வந்த கேம்ப்டோதெசின் கதை இன்னும் கஷ்டமானது: ஆய்வகத்தில் ஜெயித்து, நோயாளிகளிடம் நச்சுத்தன்மையால் தோற்று, மூலக்கூறை மாற்றியமைத்த பிறகே டோபோடெக்கன், இரினோடெக்கன் என்ற புற்றுநோய் மருந்துகளாகப் பிழைத்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்தது. மருந்துக்கடை வரை வந்தவற்றை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

ஆகவே என் கோபம் சோதனை மேல் இல்லை. அது வாசல் சோதனை, ஆயிரத்தில் எதை மேலே எடுத்துப் போகலாம் என்று வடிகட்டத்தான். கட்டுரையின் கடைசி வரியில் "வருங்கால மருந்தாகலாம்" என்று எழுதுகிறவர்கள், அதை "மருந்து கண்டுபிடிப்பு" என்று செய்தியாக்குகிறவர்கள், இவர்கள்மேல்தான்.

ஏனென்றால் அந்தச் செய்தி கீமோதெரபியில் இருக்கிறவர் கைக்கும் போகிறது. "இலைதானே, என்ன செய்துவிடும்" என்று அவர் குடிப்பார், டாக்டரிடமும் சொல்ல மாட்டார். மனச்சோர்வுக்கு எடுத்துக்கொள்ளும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெக்கனின் செயல்படும் வடிவத்தை ரத்தத்தில் குறைத்துவிடுகிறது என்பது நோயாளிகளிடமே அளந்து பார்த்த விஷயம். அதாவது செடியிலிருந்து வந்த மருந்தை இன்னொரு செடி செல்லாக்காசாக்குகிறது. வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், அவர் குடிக்கும் சாறு, பொடி, மாத்திரை எல்லாவற்றின் பெயரையும் எழுதி அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.