தெரேசாவின் நிஜ முகம்

குழந்தை இயேசுவின் தெரேசா என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜாப் பூக்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, மெழுகுபோல் வழவழவென்றிருக்கும் ஒரு முகம். எனக்கும் பல வருடங்கள் அதுதான் தெரேசா. அப்புறம்தான் அவருடைய புகைப்படங்களைப் பார்த்தேன்.

தெரேசா பிரான்சில் லிசியே ஊரின் கார்மேல் கன்னியர் மடத்தில் இருந்தார். அவருடைய அக்கா செலின் 1894-இல் அதே மடத்தில் சேர்ந்தபோது கையோடு கேமராவையும் கொண்டுபோனார். அதனால்தான் இந்தப் புனிதரின் நிஜ முகம் நமக்குக் கிடைத்தது. அகன்ற தாடை, அழுத்தமான வாய். ஒரு படத்தில் மற்ற சகோதரிகளோடு துணி துவைக்கிறார். 1897 ஜூனில் எடுத்த படத்தில் காசநோய் கண்ணைச் சுற்றித் தெரிகிறது. அதே வருடம், 24 வயதில் இறந்துபோனார்.

ஆனால் மடத்திலிருந்து உலகமெங்கும் போனவை செலின் தீட்டிய ஓவியங்களும், மெருகேற்றிய படங்களும்தான். கை வைக்காத படங்கள் நூலாக வந்தது 1961-இல். புனிதர் பட்டம் கொடுத்தே 36 வருடம் ஆகிவிட்டது!

செலின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அசையாமல் நின்று எடுத்த படத்தில் தங்கையின் உயிர்ப்பு வரவில்லை என்று அவர் நினைத்தார். பாசம்தான். ஆனால் அந்தப் பாசம் துணி துவைத்த பெண்ணை பொம்மையாக்கிவிட்டது.

இப்படிச் சொன்னால், "தட்டில் தன் கண்களோடு நிற்கும் புனித லூசியா மட்டும் நிஜமா?" என்று கேட்பார்கள். அது வேறு. லூசியாவின் கண்களும் புனித லாரன்ஸைத் தீயில் வாட்டிய இரும்புக் கட்டிலும் எழுத்து தெரியாதவர்களுக்கான பெயர்ப்பலகை. விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் காலத்தில் கர்தினால்களின் சிவப்புத் தொப்பியே கிடையாது. ஓவியர்கள் அவருக்கு அதை மாட்டிவிட்டார்கள். இருக்கட்டும், ஆளைக் கண்டுபிடிக்க உதவுகிறதே. என் வருத்தமெல்லாம் வாழ்ந்த அடையாளத்தையே துடைத்துவிடுவதில்தான்.

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1602-இல், நற்செய்தி எழுதும் மத்தேயுவை ரோமிலுள்ள ஓர் ஆலயத்துக்காக வரைந்தார். வெறுங்கால், முரட்டு உடம்பு. பாதம் பார்ப்பவரை நோக்கி நீண்டிருக்கும். எழுதத் தடுமாறும் அவர் கையை வானதூதர் பிடித்து நடத்துகிறார். அந்தப் படத்தைப் பீடத்தில் வைக்க மறுத்துவிட்டார்கள். வேறொன்று வரைந்து கொடுத்தார். ரோமில் இன்றும் இருப்பது அதுதான். முதல் படம் 1945-இல் பெர்லினில் அழிந்தது, கறுப்பு வெள்ளை நகல்தான் மிச்சம். ஒரு வரிதண்டுபவரை நற்செய்தி எழுத வைத்த கடவுளை அந்த அழுக்குக் காலில்தான் நான் பார்க்கிறேன்.

உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அதற்கு உரியவரையே சேரும் என்று 787-இல் ஆயர்கள் கூடிய நீசேயா சங்கம் சொன்னது. மலிவான சுரூபத்தின் முன் அழுகிறவரின் செபமும் போய்ச்சேரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உரியவர் யார் என்று கொஞ்சமாவது தெரிய வேண்டாமா?

என் செபப் புத்தகத்துக்குள் இப்போது இருப்பது அந்தச் சலவைப் படம். அத்தனை சகோதரிகளுக்கு நடுவே தெரேசா எங்கே என்று இன்னும் ஒவ்வொரு தடவையும் தேடுகிறேன்.