மரப்பாசி வடக்கைக் காட்டுமா?

"காட்டில் வழி தவறினால், மரத்தில் பாசி படர்ந்த பக்கம்தான் வடக்கு" என்ற தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. கொடைக்கானல், நீலகிரிச் சோலைகளில் இதை நம்பி நடப்பது ஆபத்து.

இங்கே பாசி என்பது மரப்பட்டையில் படரும் 'மாஸ்' என்ற சிறு செடி. அதற்கு உண்மையான வேர் இல்லை. அடியிலுள்ள வேரிழைகள் முக்கியமாகப் பற்றிக்கொள்ளத்தான். நீரைப் பெரும்பாலும் இலைகளே உறிஞ்சுகின்றன. பல இனங்களில் இலை ஒரே செல் தடிமன்தான், சீக்கிரம் உலர்ந்துவிடும். அதனால் ஈரம் தங்கும் இடத்தையே அது பிடிக்கிறது. ஐரோப்பாவில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் இருப்பதால் மரத்தின் வடபுறம் நிழலாகும்; அங்கும் அடர்காட்டில் இந்த விதி நிற்காது. கொடைக்கானலோ சுமார் 10 டிகிரி வட அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை அங்கே நண்பகல் வெயில் வடபுறத்திலிருந்தே விழுகிறது!

சாய்ந்த மரத்தில் மழைநீர் வழியும் மேல்புறம் பச்சையாக இருக்கும். ஓடைக்கரையிலும் மூடுபனிக் காற்று மோதும் சரிவிலும் கணக்கு வேறு. சோலைக்குள் அடிமரத்தண்டைச் சுற்றிலுமே படர்ந்திருக்கும்.

சோதிக்க விரும்பினால் ஒரே சரிவில் 10 நேரான மரங்களில் பாசி எந்தத் திசையில் அதிகம் என்று நெஞ்சுயரத்தில் பாருங்கள். அடிமரம் வேண்டாம், மண்ணின் ஈரம் அங்கே எல்லாப் பக்கமும் ஏறும். கைபேசித் திசைகாட்டி என்றால் காந்த உறையைக் கழற்றிவிடுங்கள். 10 மடங்கு லென்ஸைக் கண்ணருகே வைத்துப் பட்டையை நெருங்குங்கள்: செடியின் சிறு தண்டைச் சுற்றி நுண்ணிலைகள் இருந்தால் பாசி, தட்டையாக இரு வரிசை இலைகள் என்றால் பெரும்பாலும் லிவர்வொர்ட் (பாசியின் உறவுச் செடி), பச்சைப் பொடி என்றால் ஆல்கா (இலை, தண்டு இல்லாத நுண்ணுயிரி), சாம்பல் செதில் என்றால் லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழ்வது). எதையும் உரிக்காதீர்கள், மீண்டும் படர ஆண்டுகள் ஆகலாம்.