ஓசி இறாலும் ஐம்பது ரேண்டும்

சனிக்கிழமை ராத்திரி டர்பனில் ரெஸ்டாரண்ட் மேஜையில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அண்ணனின் பதிவைப் படித்துத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். "டிப்ஸ் தர்மகர்த்தாக்கள்" என்று பட்டம் கொடுத்து எழுதியிருந்தாரே, அதுதான். பரிமாறிய பெண்ணுக்கு அவர் வைத்த டிப்ஸுக்கு மேல் நான் கூடுதலாக வைத்ததற்குத்தான் அந்தக் கிண்டல். பன்மையில் எழுதியிருந்தாலும் அந்த மேஜையில் தர்மகர்த்தா நான் ஒருத்திதான். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவுக்குக் கீழே நம் ஆட்கள் வரிசையாகச் சிரிப்புக்குறி போட்டிருப்பதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

முதலில் கணக்கு. நாங்கள் எட்டுப் பேர். பில் 1,640 ரேண்ட். ஓனர் அண்ணனுக்குப் பழக்கம் என்பதால் இரண்டு தட்டு இறால் வறுவலும், கடைசியில் எட்டுப் பேருக்கும் ஐஸ்கிரீமோடு குலாப் ஜாமுனும் சும்மா வந்தன. பில்லில் ஏறவில்லை. நான் மெனுவைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன் (ஆமாம், நான் அப்படிப்பட்டவள்தான்). இறால் ஒரு தட்டு 165, ஜாமுன் ஒன்று 55. மொத்தம் 770. ஆக, நாங்கள் சாப்பிட்டு எழுந்தது 2,410 ரேண்ட் சாப்பாடு. அதற்கு டிப்ஸ் பத்து சதவீதம் என்றால் 241. பில்லுக்கு மட்டும் என்றால் 164. வித்தியாசம் 77 ரேண்ட், தலைக்குப் பத்து ரேண்ட்கூட இல்லை.

கார்டு மெஷினோடு வந்த பெண், டிப்ஸ் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஐம்பது ரேண்ட் நோட்டு ஒன்றை பில் ஃபோல்டருக்குள் செருகினார். "பாதி ஓசிதானே, இதுவே ஜாஸ்தி" என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பு வேறு. நான் ஒரு இருநூறு ரேண்ட் நோட்டை எடுத்து அதன் மேல் வைத்தேன். நான் செய்த குற்றம் இவ்வளவுதான்.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இறாலை ஓசியாகக் கொடுத்தது ஓனர். அதைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்தப் பெண். ஓனர் காசு வாங்கவில்லை என்பதால் தட்டு எடை குறைந்துவிடாது. சமையலறைக்கும் மேஜைக்கும் நடுவே உள்ள தூரமும் குறையாது. எட்டுக் கிண்ணம் ஜாமுனை இரண்டு நடையாகக் கொண்டுவந்தாள், காலிக் கிண்ணங்களை எடுத்துப்போனாள், நடுவில் குழந்தை கொட்டிய ஐஸ்கிரீமைக் குனிந்து துடைத்தாள். இதில் எது ஓசி?

பின்னூட்டத்தில் ஒருவர் பழமொழி எடுத்துவிட்டிருந்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா, அன்பாகக் கொடுத்ததற்கு மெனுவில் விலை பார்க்கலாமா என்று. நல்ல கேள்விதான், ஒரு நிமிடம் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் நான் மாட்டின் பல்லைப் பிடிக்கவில்லை ஐயா. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

"சம்பளம் கொடுப்பது ஓனர் வேலை, நம் வேலையா?" இது அடுத்தது. சரி, சம்பளத்தையே பார்ப்போம். இந்தத் தென்னாப்பிரிக்காவில் குறைந்தபட்சக் கூலி 2019 ஜனவரியில் மணிக்கு 20 ரேண்டில் ஆரம்பித்தது, 2025 மார்ச்சில் 28 ரேண்ட் 79 சென்ட் ஆனது. டிப்ஸை அந்தக் கூலிக்குள் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. நல்லதுதான். அந்தக் கூலிக்கு ஆறு மணி நேரம் நின்றால் 172 ரேண்ட் 74 சென்ட். அண்ணன் விரல் நக்கிச் சாப்பிட்ட ஓசி இறால் ஒரு தட்டு 165. அவ்வளவு நேரம் நின்றதற்கு அந்தத் தட்டும் கொஞ்சம் சில்லறையும். ஓனர்கள் கூலியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று போராட்டம் நடத்தினால் நானும் வருகிறேன். ஆனால் அப்படிக் கேட்பவர்கள் யாரும் போராடப் போகிறவர்கள் இல்லை, பர்ஸை மூடப் போகிறவர்கள்.

"ஊரில் இப்படியெல்லாம் வைத்தோமா?" வைத்தோம். பாளையங்கோட்டையில் பில்லோடு வரும் சோம்புத் தட்டில் அப்பா சில்லறை வைக்காமல் எழுந்து நான் பார்த்ததில்லை. அது பத்து சதவீதம் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீபாவளிக்குத் தபால்காரர், பால்காரர், அந்த ஹோட்டல் சர்வர் வரைக்கும் இனாம் உண்டு. இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால் அம்மா அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டாள். ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவாள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான், அதனால் நன்றாகத் தெரியும். அந்த வீட்டு மாமி கிண்ணத்தைக் கொண்டுவந்த எனக்கும் கையில் ஒரு முறுக்கு வைப்பாள். சும்மா வந்த பண்டத்துக்குப் பதில் மரியாதை செய்ய நமக்கு வெள்ளைக்காரன் கற்றுத் தரவில்லை.

ஆட்கள் அதிகமானால் பத்து சதவீதத்தை பில்லிலேயே போட்டுவிடும் கடைகள் டர்பனில் உண்டு. அங்கே மறுபடி வை என்று நான் சொல்லவில்லை. பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தருவது) வாங்கும் கவுண்டரில் வை என்றும் சொல்லவில்லை. சாப்பாடு ஆறிப்போய், அதற்கு மன்னிப்பாக ஒரு ஸ்வீட் வந்தால் அது வேறு கதை, உங்கள் இஷ்டம். சனிக்கிழமை எதுவும் ஆறவில்லை. அந்தப் பெண் மேல் ஒரு குறை சொல்ல அண்ணனுக்கும் வாய் வரவில்லை.

பதிவில் வராத ஒரு விஷயம். வெளியே வந்ததும் காருக்குக் காவல் நின்ற கார் கார்டுக்கு அண்ணன் இருபது ரேண்ட் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார், சிரித்துக்கொண்டே கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான், தப்பே இல்லை. ஆனால் புது வண்டியில் கீறல் விழுந்துவிடும் என்றால் கை தானாகப் பர்ஸுக்குப் போகிறது. ஜாமுன் கிண்ணத்தைச் சுமந்தவளால் நமக்கு என்ன கெடுதல் செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. அதனால் அவளுக்கு மிச்சம் ஐம்பது. கோயிலில் 501 ரேண்ட் எழுதி மைக்கில் பேர் வாசிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்கிற கதையை நான் எடுக்கப் போவதில்லை. எடுத்தால் நிறையப் பேருக்கு வலிக்கும்.

சரி, இனி எனக்கு வலித்ததைச் சொல்கிறேன். பின்னூட்டத்தில் அண்ணனே எழுதியிருந்தார்: "மகளை வெயிட்ரஸ் வேலைக்கு அனுப்பியவர்களுக்கு இப்படித்தான் தோன்றும்."

ஆமாம், அனுப்பினேன். யுனிவர்சிட்டியில் படித்தபோது இரண்டு வருஷம் வார இறுதிகளில் டர்பனுக்குப் பக்கத்தில் உம்லாங்காவில் ஒரு ரெஸ்டாரண்டில் வேலை பார்த்தாள். எனக்கு அதில் வெட்கம் இல்லை. ஒரு ராத்திரி ஓனரின் சிநேகிதர்கள் பன்னிரண்டு பேர், எல்லாம் நம் ஆட்கள், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். முழுச் சாப்பாடும் ஓனர் கணக்கு. பில்லே வரவில்லை. பில் வராததால் பத்து சதவீதம் எதற்கு என்ற கேள்வியும் யாருக்கும் வரவில்லை. "தேங்க்யூ மா, நல்லா படி" என்று தலையைத் தடவிவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர். அந்த மூன்று மணி நேரத்தில் அவளுக்கு வேறு மேஜையும் கொடுக்கவில்லை. நள்ளிரவு தாண்டி அழைத்து வரப் போனேன். காருக்குள் ஏறி ஷூவைக் கழற்றினாள், குதிகாலில் தோல் உரிந்திருந்தது. வீடு வரும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. சனிக்கிழமை அந்த ஐம்பது ரேண்ட் நோட்டைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் குதிகால்தான். போதுமா அண்ணா? நீங்கள் எழுதியது சரிதான், எனக்கு அப்படித்தான் தோன்றும்.

உங்களை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டை நான் சத்தமில்லாமல் வைத்திருக்கலாம், அல்லது வெளியே போய் அவள் கையில் கொடுத்திருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. அது என் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "ங்கியாபோங்கா ஆன்ட்டி" என்று அந்தப் பரிமாறிய பெண் ஜூலு மொழியில் நன்றி சொன்னபோது, உங்கள் ஐம்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பதிவு போட்டது நீங்கள்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. வரவேண்டாம் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை, அதனால் வருகிறேன். ஐம்பது மெதுவடை கொண்டுவருகிறேன், முழுக்க ஓசி. டப்பாவை மட்டும் மறக்காமல் திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள். அண்ணியிடம் சர்க்கரை இருக்கும்.