யார் அழுத்தச் சொன்னது?

அந்த ஒரு நிமிடக் காணொளியை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டது, கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களோடு. அதனால் நடந்ததை நீட்டி எழுதப்போவதில்லை. பார்க்காதவர்களுக்கு ஒரே வரி: ஃபோனில் வந்த விளம்பரத்தை மூடப் போய்த் தவறான பொத்தானை அழுத்திவிட்டேன், என்ன செய்வது என்று ஒரு பெரியவர் கேட்டார், பேச்சாளர் மைக்கிலேயே கிண்டலாகப் பதில் சொன்னார், அரங்கம் சிரித்தது. நான் அந்தச் சமூக மன்ற அரங்கத்தில் இருந்தேன். பெரியவர் கேட்டதையும் கேட்டேன், பேச்சாளர் சொன்னதையும் கேட்டேன், அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பையும் கேட்டேன். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை ஒருவர் "செம பதில்" என்று போட்டு, அதற்குக் கீழே பத்துப் பேர் கைதட்டியதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"யார் அங்கிள் உங்கள அழுத்தச் சொன்னது?"

இதுதான் அந்தச் செம பதில். மூத்தோருக்கான மின்னிலக்கப் பாதுகாப்புப் பட்டறை என்று துண்டறிக்கை கொடுத்து அழைத்து, சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி வந்த மனிதருக்கு மைக்கில் கிடைத்த பதில்.

சரி, கேட்டீர்கள், சொல்கிறேன். அந்தப் பொத்தான்தான் அழுத்தச் சொன்னது. அது அழுத்தப்படுவதற்காகவே வரையப்பட்டது. எந்த நிறம் வைத்தால் கூடுதல் பேர் அழுத்துவார்கள், எந்த மூலையில் வைத்தால் விரல் தவறிப் படும் என்று பார்த்துப் பார்த்து வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள். நான் மென்பொருள் துறையில் இருப்பவன். பாதிப் பேருக்கு ஒரு மாதிரி, மீதிப் பேருக்கு வேறு மாதிரி என்று திரையைக் காட்டிவிட்டு, எதில் அதிகம் பேர் அழுத்தினார்களோ அதை வைத்துக்கொள்வது எங்களுக்கு அன்றாட வேலை. அப்படித் தேறி வந்த பொத்தானை ஒருவர் அழுத்தினால், அது செய்தவனின் வெற்றி. அழுத்தியவரின் முட்டாள்தனம் இல்லை.

விளம்பரத்தை மூடுவது ஒரு பெரிய விஷயமா என்று நினைக்கிறவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். என் அம்மாவுக்கு 71 வயது. சாப்பிட்ட பிறகு சோபாவில் உட்கார்ந்து, ஒரே மாதிரிக் கட்டைகளைச் சேர்க்கிற ஒரு விளையாட்டு விளையாடுவார். ஒரு சுற்று முடிந்ததும் திரை முழுக்க விளம்பரம் வரும். வலது மூலையில் ஒரு வட்டத்துக்குள் எண் குறைந்துகொண்டே வரும். முடிந்ததும் மூடுவதற்கான பெருக்கல் குறி வரும் என்று காத்திருந்தால், வருவது இரண்டு அம்புக்குறிகள். அதைத் தொட்டால் இன்னொரு பக்கம், நடுவில் பச்சையாகப் பெரிய பொத்தான். பெருக்கல் குறி இப்போது இடது மூலைக்குப் போயிருக்கும், வெள்ளைமேல் சாம்பல் நிறத்தில், கடுகளவுக்கு. அதைக் குறிபார்த்துத் தொட்டால் பிளே ஸ்டோர் திறக்கும். பின்னால் வந்தால் விளம்பரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஃபோனை மூக்கருகில் கொண்டுபோய், சுட்டுவிரல் நகத்தால் அதைத் தொடப் பார்ப்பார். நகம் பட்டால் திரை கேட்காது.

இந்த அம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980களில் உலகத்துக்கு வேண்டிய ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பங்கு சிங்கப்பூர் என்ற இந்தச் சிறிய தீவில்தான் செய்யப்பட்டது. அதில் அங் மோ கியோவில் இருந்த ஒரு தொழிற்சாலையில் அம்மா சோதனைப் பிரிவில் இருந்தார். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே சர்க்கியூட் போர்டை வைத்து, சால்டர் சரியாகப் பிடிக்காத புள்ளியைத் தேடுவது வேலை. கண்டுபிடித்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் மிச்சமானதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் பள்ளிப் புத்தகத்தில் நான் எழுதிய பிழைகளுக்குப் பக்கத்தில் ஒட்டுவார். அவ்வளவு கண். அந்தக் கண்ணுக்கே ஒரு பெருக்கல் குறி தெரியவில்லை என்றால், குறை கண்ணில் இருக்க வாய்ப்பில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலி செய்பவர்களுக்கான அதன் வழிகாட்டியில், விரலால் தொடும் எதுவும் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கேட்காமல் வரும் முழுத்திரை விளம்பரத்தை 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாமல் வைக்கக் கூடாது என்று 2022இல் பிளே ஸ்டோர் விதியும் வந்தது. ஆக, தெரியாமல் நடக்கிற தவறு இல்லை இது. "இப்போதே வாங்கு" பொத்தான் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும்போது "வேண்டாம்" மட்டும் எப்படிக் கடுகாகிறது?

இன்னும் சந்தேகம் இருந்தால் அமெரிக்காவைப் பாருங்கள். 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் நிறுவனமான எபிக் கேம்ஸ் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையத்திடம் 520 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 245 மில்லியன், பொத்தான்களை வைத்து ஏமாற்றியதாகச் சொன்ன குற்றச்சாட்டுக்காக. தூங்கிக்கொண்டிருக்கும் விளையாட்டை எழுப்ப ஒன்றை அழுத்தினால் பணம் போகும், பொருளை வெறுமனே பார்க்கப் போய் பக்கத்துப் பொத்தானில் கை பட்டால் பணம் போகும் என்று ஆணையம் சொன்னது. ஃபோர்ட்நைட் விளையாடுவது யார்? எழுபது வயது அங்கிள்களா? கண்ணும் கையும் மின்னல் மாதிரி வேலை செய்கிற பையன்கள். அவர்களிடம் போய் "யார் தம்பி உன்ன அழுத்தச் சொன்னது" என்று ஆணையம் கேட்கவில்லை. செய்த நிறுவனத்தைக் கேட்டது. 2025இல் அமேசான், பிரைம் சந்தாவில் ஆட்களைச் சேர்த்த விதத்துக்கும் வெளியேற விடாமல் அலைக்கழித்ததாகச் சொன்ன குற்றச்சாட்டுக்கும் 2.5 பில்லியன் டாலருக்கு ஒப்புக்கொண்டது. இந்தியாவில்கூட 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். நாம் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு கிழவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இனி வரப்போகிற கமெண்டுகள் எனக்குத் தெரியும்.

"இலவச விளையாட்டு சார், விளம்பரம் போடாமல் எப்படிச் சம்பாதிப்பான்?" போடட்டும். விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ் முரசில் விளம்பரம் வருகிறது, வசந்தம் தொலைக்காட்சியில் வருகிறது, 96.8 வானொலியில் வருகிறது. நகைக்கடை விளம்பரம் வந்தால் பக்கத்தைப் புரட்டினால் போகிறது. புரட்டும்போது தாள் நழுவி நம் பையில் கைவிட்டுப் பணம் எடுப்பதில்லை. அதோடு, இந்த இலவசக் கதை எவ்வளவு நாளைக்கு? காசு கொடுத்துப் பார்க்கிற பிரைம் வீடியோவில் 2024இல் விளம்பரம் வந்தது. வேண்டாமென்றால் அமெரிக்காவில் மாதம் 2.99 டாலர் கூடுதலாகக் கொடு என்றார்கள். சாம்சங் 2025இல் அங்கே தன் திரை வைத்த குளிர்பதனப் பெட்டிகளில் விளம்பரம் காட்டிச் சோதித்தது. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய பெட்டி! தயிர் எடுக்கப் போனாலும் விளம்பரம். அதுவும் இலவசமா?

"அரசாங்கம்தான் எல்லாம் செய்கிறதே." செய்கிறது. மோசடியைத் தடுக்க ஸ்கேம்ஷீல்டு செயலி இருக்கிறது, சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க 1799 எண் இருக்கிறது, நல்ல விஷயம். 2024இல் மட்டும் மோசடியில் 1.1 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி போன ஊர் இது, செய்யாமல் இருக்க முடியுமா? 2025 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் அரசாங்கத் தலைவர்கள் போல வேடமிடும் மோசடிகளைத் தடுக்கும்படி அதன் நிறுவனமான மெட்டாவுக்குக் காவல்துறை உத்தரவே போட்டது, மீறினால் 1 மில்லியன் வெள்ளி வரை அபராதம். நல்லதுதான். ஆனால் 2024இல் மெட்டாவின் வருமானம் 164 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த அபராதத்தை அவர்கள் மூன்று நிமிடத்துக்குள் சம்பாதித்துவிடுவார்கள். (ஆமாம், இதையும் ஃபேஸ்புக்கில்தான் எழுதுகிறேன். வேறு எங்கே எழுதினால் நீங்கள் படிப்பீர்கள்?)

"பேச்சாளர் பாவம், தன்னார்வலர், தன் நேரத்தைக் கொடுத்து வருகிறார்." இருக்கட்டும். பெரியவரும் தன் நேரத்தைக் கொடுத்துத்தான் வந்தார்.

"நீங்கள்தான் ஐடி ஆளாயிற்றே, அம்மா ஃபோனை நீங்கள் சரிசெய்து கொடுக்கக் கூடாதா?" இதைத்தான் எதிர்பார்த்தேன். இதைச் சொன்னவர் என் நெருங்கிய உறவினர், பெயர் வேண்டாம். செய்திருக்கிறேன் ஐயா. செட்டிங்ஸில் நோண்ட வேண்டியதையெல்லாம் நோண்டியாகிவிட்டது. பிளே ஸ்டோரில் கடவுச்சொல் போட்டாகிவிட்டது. அப்படியும் ஒரு மாதம் அம்மாவின் ஃபோன் பில்லில் ஏதோ ஒரு சந்தா, வாரத்துக்குக் கிட்டத்தட்ட பத்து வெள்ளி. ஃபோன் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் வந்து, "உங்க அம்மா ஒத்துக்கிட்டதா எங்க ரெக்கார்டுல இருக்கு சார்" என்றார். எதற்கு ஒத்துக்கொண்டார்? ஜாதகச் சேவையாம். அம்மா ஜாதகம் பார்க்கிறவரே இல்லை. கடைசியில் பில் வழியாக யாரும் காசு பிடிக்க முடியாதபடி அடைக்கச் சொன்னேன், அடைத்தார்கள். ஆனால் அப்படி அடைக்கலாம் என்று அவர்களாகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். என்னைப் போல ஒருவன் வீட்டில் இல்லாதவர் என்ன செய்வார்? பட்டறைக்கு வருவார். பட்டறையில் என்ன கிடைக்கும் என்றுதான் காணொளியிலேயே பார்த்துவிட்டோமே.

பிள்ளைகள் சொல்லித்தர வேண்டும், பிள்ளைகள் கவனிக்க வேண்டும் என்று இந்த விஷயத்தைக் குடும்பத்துக்குள் தள்ளிவிடுவது எல்லாருக்கும் வசதி. நிறுவனத்துக்கு வசதி, கடைக்கு வசதி, பட்டறை நடத்துகிறவருக்கும் வசதி. வேலையிலிருந்து எட்டு மணிக்கு வருகிற பிள்ளை, சாப்பிட்டுவிட்டு அம்மாவின் ஃபோனைக் காவல் காக்க வேண்டும். பணம் போனால் அவன்தான் பொறுப்பில்லாதவன்.

உண்மையைச் சொன்னால் பேச்சாளர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. ஒரு வார்த்தை, வாய் தவறியிருக்கலாம். சிரித்தீர்களே, அதுதான். அந்த அரங்கத்தில் முக்கால்வாசிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். உங்களில் ஒருவர் போன வருடம் பார்சல் மோசடியில் பணத்தை விட்டது எனக்குத் தெரியும். இன்னொருவர் இலவச சோதனைக் காலம் என்று சேர்ந்த உடற்பயிற்சிச் செயலிக்கு இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பதும் தெரியும். உங்களிடம் யாராவது "யார் அழுத்தச் சொன்னது" என்று மைக்கில் கேட்டார்களா? உங்கள் அலுவலக மேலதிகாரி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்களா? வேட்டி கட்டிய கிழவர், தமிழில் கேட்கிறார், அதுவும் கொஞ்சம் திக்கித் திக்கிக் கேட்கிறார், அதனால் சிரிப்பு வந்துவிட்டது. நமக்குள்ளேயே நமக்கு இருக்கிற இந்த இளக்காரம் எந்தச் செயலியிலும் செட்டிங்ஸ் போட்டு நிறுத்த முடியாதது.

அம்மாவும் அன்று வந்திருந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலி. கேள்வி நேரம் வந்ததும் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, அந்த விளையாட்டைத் திறந்து, விளம்பரம் வரட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எழுந்து போய்க் காட்டிக் கேட்கலாம் என்று. பெரியவருக்குப் பிறகு அம்மாவின் முறைதான். சிரிப்பு முடிந்தபோது ஃபோன் கைப்பைக்குள் போயிருந்தது. பஸ்ஸில் வரும்போது, "நல்லவேளை, நான் கேக்கல" என்றார். அதற்குப் பிறகு ஃபோனில் ஏதாவது ஆனால் என்னிடமும் சொல்வதில்லை. "ஒண்ணுமில்லப்பா, சும்மா பாத்தேன்" என்கிறார். இந்தப் பட்டறை சாதித்தது இதுதான். மோசடி செய்கிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஏமாந்தவர் வெளியே சொல்ல வெட்கப்பட்டால் அவன் பாட்டுக்கு அடுத்தவரிடம் போகலாம்.

அந்தக் காணொளியை இன்னும் பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பெரியவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது, அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களிடமும் ஃபோன் இருக்கும். நீக்க மாட்டேன், நகைச்சுவையை நகைச்சுவையாகப் பார் என்று சொல்கிறவர்கள் என் நட்புப் பட்டியலிலிருந்து தாராளமாகப் போகலாம். அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது.

மற்றவர்களிடம் ஓர் உதவி. ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவிட்டால் விளம்பரமே வராத, கட்டை சேர்க்கிற விளையாட்டு ஏதாவது தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். ஆண்ட்ராய்டு. கட்டைகள் பெரிதாகத் தெரிய வேண்டும், நேரம் ஓடக் கூடாது. 20 வெள்ளி வரை பரவாயில்லை. மாதச் சந்தா உள்ளது வேண்டாம்.