உள்ளி முளைக்கும், முற்றாது

வீட்டுத் தொட்டியில் ஓர் உள்ளிப் (வெள்ளைப்பூண்டு) பல்லை ஊன்றினால் மூன்று மாதத்தில் முழு உள்ளி பிடுங்கலாம் என்கிறது வீட்டுத்தோட்டம் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை. யாழ்ப்பாணத்தில் அது நடக்காது. பல் பிரிந்து முற்றுவதற்கு உள்ளிக்குச் சில வாரங்கள் குளிரும், பிறகு நீண்ட பகலும் வேண்டும். நமக்கோ மார்கழியில்கூடப் பெரிய குளிரில்லை. ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்கிறது. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன செம்மண்தான், ஆனாலும் உள்ளிக்கு அது போதாது. இரண்டு முறை நட்டுப் பார்த்தேன். நான்காம் மாதம் பிடுங்கியபோது கிடைத்தது பிரியாத ஒற்றைப் பல், கச்சான் கொட்டையளவு.

தாளுக்காக, அதாவது பச்சை இலைக்காக நடுங்கள், அதில் பழுதில்லை. சாண் உயரம் வந்ததும் நறுக்கிச் சொதியில் போட்டால் வாசனை அடுத்த வீட்டுக்கும் போகும்.

நுண்கீரை, அதாவது முளைத்த சில நாளிலேயே நறுக்கி உண்ணும் இளங்கீரை பற்றி அதே கட்டுரை எழுதியது சரி. நான் பழைய ஐஸ்கிரீம் பெட்டியின் அடியில் துளையிட்டு, தும்புச்சோறு (தேங்காய் நார்த்தூள்) பரப்பி, கடுகும் வெந்தயமும் தூவுகிறேன். பத்து நாளில் கத்தரிக்கோலுக்கு வந்துவிடும். கடையில் நிறம் பூசி விற்கும் விதைப்பு விதை வேண்டாம், அது மருந்திட்டது. சமையலறைக் கடுகே போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர், தும்பின்மேல் வெள்ளையாகப் பூக்கிறது. அதனால் மழைநீரைப் பிடித்து வைத்துத் தெளிக்கிறேன். அதுவும் அளவோடுதான்: ஈரம் மிஞ்சினால் தண்டு அடியில் அழுகி, ஒரே இரவில் தட்டு முழுவதும் சாய்ந்துவிடுகிறது.